புனேயில் அயல்நிதியும் ஆய்வு வினாவும்: மொழியியல், வறுமையாய்வு ஆகியவற்றை முன்வைத்து

முன்னுரை

பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குப் புரவலனின் ஊரையும் அவ்வூருக்குச் செல்லும் வழியையும் அவன் வழங்கும் முறைமையையும் எடுத்துரைப்பதே இவ்வகையின் பொதுவான அமைப்பாகும். வளர்ச்சி ஆய்வுக்கும் அமைதியாக்கப் பணிகளுக்கும் பன்னாட்டு அறக்கட்டளைகள் வழங்கும் நல்கைகளைப் பற்றிய அறிவிப்புகளை ஆய்வாளர்கள் இன்று ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பதும் ஒருவகை ஆற்றுப்படுத்தலே எனலாம். ஆயினும் இரண்டிற்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நல்கைக்கு விண்ணப்பிக்கும் ஆய்வாளர், தாம் எந்த வினாவை எழுப்பப் போகிறார், அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை நிதி கிடைப்பதற்கு முன்னரே எழுதித்தர வேண்டும். எனவே, வினா யாருடையது என்னும் சிக்கல் நல்கையோடு உடன்பிறந்ததாகிறது.

அயல்நிதி பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நிகழ்கிறது. அயல்நிதி இன்றி உயராய்வு இல்லை என்பார் ஒருசாரார். அயல்நிதி வந்தால் ஆய்வின் தன்னாட்சி அழியும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளையும் வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டு சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குக் களமாக மகாராட்டிர மாநிலத்தின் புனே நகரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 1953 முதல் 1971 வரையிலான காலத்தில் இந்நகரின் இரண்டு ஆய்வுத்துறைகளில் அமெரிக்க அறக்கட்டளைகளின் நிதி பயன்பட்டது. ஒன்று, டெக்கான் கல்லூரியின் மொழியியல்; மற்றொன்று, கோகலே நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்களின் வறுமையாய்வு. முதலாவது தமிழாய்வின் போக்கை நேரடியாக மாற்றியது. இரண்டாவது இந்தியாவில் வறுமை பற்றிய சிந்தனையை மாற்றியது. நிதி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அது வந்து சேர்ந்த நிறுவனம் ஏற்கெனவே எத்தகைய வேர் கொண்டிருந்தது என்பதும், நிதி நின்ற பின்னர் அப்பணியை யார் ஏற்றனர் என்பதுமே ஆய்வின் தரத்தையும் தன்னாட்சியையும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

புனேயின் உள்நாட்டுப் புரவலர் மரபு

புனேக்கு அயல்நிதி வந்தபோது அங்கு ஆய்வு நிறுவனங்கள் முன்னரே வேரூன்றியிருந்தன. பேஷ்வாக்கள் காலத்தில் வடமொழி அறிஞர்களுக்கு வழங்கப்பட்ட தட்சிணை நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1821ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆட்சியில் தொடங்கப்பட்ட பாடசாலையே பின்னாளில் டெக்கான் கல்லூரியாக வளர்ந்தது. 1934இல் மூடப்பட்ட அக்கல்லூரி 1939இல் முதுநிலை ஆராய்ச்சி நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டது. மொழியியலில் எஸ்.எம். காத்ரே, தொல்லியலில் எச்.டி. சங்காலியா, மானிடவியலில் இராவதி கார்வே ஆகியோர் அதன் புகழுக்கு அடித்தளமிட்டனர். வடமொழிப் பேரகராதித் திட்டம் 1948இல் அங்கே தொடங்கப்பெற்றது.

1917இல் நிறுவப்பட்ட பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் மகாபாரதத்தின் செம்பதிப்புப் பணியைத் தொடங்கியது. ஔந்து சமஸ்தானத்தின் ஆட்சியாளர் அப்பணிக்குப் புரவலராக நின்றார். கோபால கிருட்டிண கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம், ஆர்.ஆர். காலே வழங்கிய அறக்கொடையைக் கொண்டு 1930இல் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனத்தை அமைத்தது. கோகலேயின் மறைவிற்குப் பின் 1915இல் அச்சங்கத்தின் தலைமையை ஏற்றவர் தஞ்சை மண்ணின் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாத்திரியார் என்பது தமிழர்க்கும் புனேக்கும் இடையிலான உறவைக் காட்டும் செய்தியாகும்.

தமிழ்நாட்டில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தையும், 1929இல் அண்ணாமலை செட்டியாரின் கொடையால் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் இவற்றோடு ஒப்பிடலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய ஆய்வு நிறுவனங்கள் பலவும் உள்நாட்டுக் கொடையால் தோன்றியவை. அயல்நிதி அவற்றைத் தோற்றுவிக்கவில்லை. தோன்றியவற்றைத் தேடி வந்தது.

மொழிப் பூசலும் அறக்கட்டளைகளின் வருகையும்

ஃபோர்டு அறக்கட்டளை 1952இல் புதுதில்லியில் தன் அலுவலகத்தை அமைத்தது. அமெரிக்காவிற்கு வெளியே அது அமைத்த முதல் அலுவலகம் அதுவேயாகும். 1913இல் தோன்றிய ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அதற்கும் முன்பிருந்தே இந்தியாவில் பொதுநலவாழ்வுப் பணிகளில் ஈடுபட்டிருந்தது. பனிப்போர்க் காலத்தில் புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் சமூகம், மொழி, பொருளாதாரம் ஆகியவற்றை அறிந்துகொள்ளும் தேவை அமெரிக்காவிற்கு இருந்தது. அத்தேவையை நீக்கிவிட்டு இவ்வறக்கட்டளைகளின் ஈடுபாட்டை விளக்க இயலாது.

இந்தியாவிற்கும் அக்காலத்தில் தனக்கெனத் தேவை இருந்தது. 1952 திசம்பரில் பொட்டி சிறீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தென்திருவிதாங்கூரில் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில் 1954இல் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. ஐக்கிய மகாராட்டிரப் போராட்டத்தை நடத்திய சமிதி 1956 பிப்ரவரியில் புனேயிலேயே உருவாயிற்று. அப்போராட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மொழி என்பது நூலகத்துள் அடங்கிய பொருளாக அன்றி, அமைதியும் பூசலும் அதைச் சார்ந்து நிற்கும் பொதுவாழ்வுச் சிக்கலாக விளங்கிய காலம் அது. இந்தியாவில் எத்தனை மொழிகள் வழங்குகின்றன, ஒரு மொழியின் எல்லை எங்கே முடிகிறது, எழுத்துமொழிக்கும் மக்கள் பேசும் மொழிக்கும் இடையே எத்துணைத் தொலைவு உண்டு என்னும் வினாக்களுக்கு விடை கூறும் பயிற்சி பெற்ற மொழியியலாளர்கள் நாட்டில் மிகச் சிலரே இருந்தனர்.

இச்சூழலில்தான் 1953இல் மொழியியலாளர்களும் கல்வியாளர்களும் கூடிய மாநாடு ஒன்று டெக்கான் கல்லூரியில் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு மொழித்திட்டம் ஒன்று 1954 முதல் செயற்படத் தொடங்கியது. காத்ரே அதற்குத் தலைமையேற்றார்.

மொழித்திட்டமும் தமிழும்

இத்திட்டம் மூன்று வழிகளில் இயங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் விடுமுறைக் காலங்களில் குறுகிய கால மொழியியல் பள்ளிகளை நடத்துதல் முதல் வழி. அமெரிக்க மொழியியலாளர்களை வரவழைத்துப் பயிற்றுவிக்கச் செய்தல் இரண்டாவது வழி. இந்திய இளம் ஆய்வாளர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புதல் மூன்றாவது வழி. சார்லசு ஃபெர்கூசன், ஜான் கம்பர்சு, வில்லியம் பிரைட் முதலியோர் இக்காலப் பகுதியில் புனேயில் பணியாற்றியவர்கள். பிரைட் எழுதிய பேச்சுக் கன்னட இலக்கணக் குறிப்பு நூலை டெக்கான் கல்லூரியே 1958இல் வெளியிட்டது.

தமிழுக்கு இதனால் விளைந்த பயன்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, ஆளுருவாக்கம். தமிழ்க் குடும்பத்தில் மைசூரில் பிறந்த அ.கி. இராமானுசன் 1958இல் டெக்கான் கல்லூரியில் மொழியியல் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டு இந்தியானா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1967இல் அவர் வெளியிட்ட நூல் சங்க இலக்கியத்தை உலக வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஒருவர் மொழியியல் வழியாகத் தமிழ்ச் செவ்வியல் இலக்கியத்தின் மொழிபெயர்ப்பாளராக மாறியதில் புனே ஓர் இன்றியமையாத இடைநிலையாக விளங்கியது.

இரண்டாவது, நூல் வெளியீடு. தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரின் ஆங்கில நூலாகிய தமிழ்மொழி வரலாறு 1965இல் டெக்கான் கல்லூரியின் வெளியீடாகப் புனேயிலிருந்து வந்தது. தமிழ்மொழியின் வரலாற்றைப் பிறமொழி அறிஞர்க்கு எடுத்துரைத்த நூல்களுள் முதன்மையான இது மராத்தியர் நகரிலிருந்து வெளிவந்தது, மொழி எல்லை கடந்த ஆய்வுறவிற்குச் சான்றாகும். மொழிகளின் பெயரால் மாநில எல்லைகள் போராட்டத்திற்கு உள்ளான பத்தாண்டில் உருவான உறவு இது என்பது எண்ணத்தக்கது.

மூன்றாவது, நிறுவன வளர்ச்சி. பல்கலைக்கழக மானியக் குழு உயராய்வு மையங்களை ஏற்படுத்தியபோது மொழியியலுக்கு டெக்கான் கல்லூரியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தெரிவுசெய்யப்பட்டன. அண்ணாமலையில் அம்மையத்தின் பொறுப்பைத் தெ.பொ.மீ. ஏற்றார். இந்தியானாவில் 1957இல் முனைவர் பட்டம் பெற்ற வ.அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியலை வளர்த்தார். 1971இல் திராவிட மொழியியற் கழகம் தோன்றவும் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் உருவாகவும் காரணமானவர்களுள் முதன்மையானவர் அவரே.

இம்மூன்றனுள் மூன்றாவதே நிலைபேறுடையது. ராக்ஃபெல்லர் நிதி ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு உரியது. அது நின்றபின் மொழியியல் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகங்கள் துறைகளை ஏற்படுத்தின. மானியக் குழு அவற்றைத் தாங்கியது. அயல்நிதி தொடங்கிவைத்ததை உள்நாட்டுப் பொதுநிதி ஏற்றுக்கொண்டமையே இத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணம்.

வினா எவ்வாறு மாறியது?

நிதி ஆட்களை மட்டும் உருவாக்கவில்லை, வினாவையும் மாற்றியது. இம்மாற்றத்தின் அளவைச் சரியாக மதிப்பிடுதல் வேண்டும்.

மொழியாய்வு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபு வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் இலக்கணத்தின் அடிப்படையாகக் கொண்டது. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. மு. வரதராசனாரின் மொழிநூல் 1947இல் வெளிவந்து மாணவர் பலருக்குத் துறையை அறிமுகப்படுத்தியது. ஆகவே, புனேயிலிருந்துதான் தமிழுக்கு மொழியியல் வந்தது என்பது மிகைக்கூற்றாகும். ஆனால், இவ்வாய்வுகளின் பார்வை பெரும்பாலும் இலக்கிய வழக்கையும் மொழியின் பழமையையும் நோக்கியிருந்தது. அன்றாடம் மக்கள் பேசும் தமிழ், பிழை மலிந்த கொச்சை என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

அமெரிக்க விளக்கமுறை மொழியியலோ பேச்சையே முதன்மைத் தரவாகக் கொண்டது. இதன் விளைவு விரைவிலேயே தமிழாய்வில் புலப்பட்டது. ஃபெர்கூசனும் கம்பர்சும் பதிப்பித்துத் தெற்காசியாவின் மொழிப் பன்மை பற்றி 1960இல் வெளியிட்ட தொகுப்பில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மு. சண்முகம் பிள்ளை இலக்கியத் தமிழையும் பேச்சுத் தமிழையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பேச்சுத் தமிழுக்கான அவருடைய பாடநூலின் முதற்பகுதி 1965இல் வெளிவந்தது. உறவுமுறைச் சொற்கள் சாதிதோறும் வேறுபடும் பாங்கினை அதே ஆண்டில் அவர் ஆராய்ந்தார். ஃபெர்கூசன் 1959இல் வரையறுத்த இரட்டை வழக்குக் கோட்பாடு தமிழுக்குப் பொருத்தப்பட்டுப் பின்னாளில் தனி நூல்கள் எழுதப்படும் அளவுக்கு விரிந்தது. பிரான்சிசு பிரிட்டோ 1986இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று.

சாதிக் கிளைமொழி பற்றிய ஆய்வு இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. பிரைட்டும் இராமானுசனும் இணைந்து எழுதி 1964இல் வெளியான ஆய்வுரை, பிராமணர் பேச்சிலும் பிராமணரல்லாதார் பேச்சிலும் மொழிமாற்றம் எவ்வாறு வெவ்வேறு வகையில் நிகழ்கிறது என்பதையும், எழுத்தறிவு அம்மாற்றத்திற்குத் தடையாக அமைகிறதா என்பதையும் தமிழ், துளு முதலிய மொழிகளின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தது. இவ்வினாவிற்கு முன்னோடி இல்லாமலில்லை. பிரெஞ்சு அறிஞர் சூல் பிளாக் தமிழில் சாதியும் கிளைமொழியும் பற்றி 1910இலேயே எழுதியுள்ளார். ஆயினும் அது தனிமுயற்சியாகவே நின்றது. 1950களின் நல்கை, பயிற்சி பெற்ற பலர் ஒரே வினாவை ஒரே முறையில் பல களங்களில் எழுப்பும் நிலையை உண்டாக்கியது. நல்கையின் உண்மையான ஆற்றல் இதில்தான் உள்ளது. எந்த ஒரு வினாவும் நிதியால் பிறப்பதில்லை. ஆனால், பல வினாக்களுள் எது பலரால் எழுப்பப்படும் என்பதை நிதி தீர்மானிக்கிறது.

இதனால் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. உழைக்கும் மக்களின் பேச்சு ஆய்வுக்குரிய பொருளாயிற்று என்பது பெரும்பேறு. தொல்காப்பியம் வழக்கு என்று மதித்ததைப் பின்வந்தோர் கொச்சை என்று தள்ளிய பிழையை இது ஓரளவு திருத்தியது. மறுபுறம், இவ்வாய்வுகள் சாதியைப் பெரும்பாலும் ஒலி, சொல் ஆகியவற்றின் வேறுபாடாகவே கண்டன. அவ்வேறுபாட்டின் பின்னுள்ள அதிகாரம், வகுப்பறையில் ஒரு பிள்ளையின் பேச்சு இழிவாகக் கருதப்படும்போது நேரும் தாழ்வு ஆகியவற்றை அவை போதுமான அளவு எழுப்பவில்லை. பிராமணர், பிராமணரல்லாதார் என்னும் இருமைப் பாகுபாட்டுள் ஒடுக்கப்பட்டோரின் பேச்சு மறைந்துபோயிற்று. தமிழ்ச் சமூகத்தில் அப்போது மிகக் கூர்மையாக எழுந்திருந்த சமத்துவ வினா, நல்கையின் வழியே வந்த வினாவோடு முழுமையாக இணையவில்லை. இக்குறைக்கு நல்கை வழங்கியோரை மட்டும் பொறுப்பாக்குதல் பொருந்தாது. முறையியலைக் கற்றுக்கொண்ட நாம் நமது வினாவை அதனோடு சேர்க்கத் தயங்கினோம் என்பதே நேர்மையான மதிப்பீடாகும்.

வேண்டியது அயலார், வினா நம்முடையது: வறுமையாய்வு

நிதி வழங்குவோர் கேட்ட வினாவைத் தம் வினாவாக மாற்றிக்கொள்ள இயலும் என்பதற்கும் புனேயிலேயே சான்று உள்ளது. கோகலே நிறுவனத்தை 1930 முதல் 1966 வரை டி.ஆர். காட்கில் வழிநடத்தினார். ஊரகப் பொருளாதாரத்தை நேரடிக் களஆய்வின் வழியே அறியும் மரபை அந்நிறுவனம் அக்காலத்திலேயே உருவாக்கிக்கொண்டது. அவருக்குப் பின் இயக்குநரான வி.எம். தாண்டேகரும் அவருடன் பணியாற்றிய நீலகண்ட ரத்தும், ஃபோர்டு அறக்கட்டளை கேட்டுக்கொண்டதற்கிணங்க இந்தியாவில் வறுமை பற்றிய ஆய்வை மேற்கொண்டனர். அது 1971 சனவரியில் எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி இதழில் இரண்டு பகுதிகளாக வெளிவந்து, அதே ஆண்டில் நூலுருவமும் பெற்றது.

நாளொன்றுக்கு ஒருவருக்கு 2,250 கலோரி ஆற்றல் தரும் உணவைப் பெறுவதற்குரிய செலவையே அவ்வாய்வு வறுமையின் எல்லையாகக் கொண்டது. அவ்வளவுகோலின்படி 1960–61இல் ஊரக மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும் அவ்வெல்லைக்குக் கீழே இருந்தனர் என்று அது கண்டது. நிலப்பகிர்வு மட்டும் இவ்வறுமையைப் போக்காது என்று வாதிட்ட ஆசிரியர்கள், வேலை கேட்கும் ஊரக மக்களுக்குப் பொதுப்பணிகளின் வாயிலாக வேலைக்கு உறுதியளிக்க வேண்டும் என்றும், அதற்குரிய நிதியைச் செல்வந்தர் மீது வரி விதித்துத் திரட்ட வேண்டும் என்றும் பரிந்துரைத்தனர். அயல்நிதியின் துணையால் எழுந்த ஆய்வு, அயல் உதவியை வேண்டாமல் உள்நாட்டு வரியை நாடியமை கருதத்தக்கது.

இவ்வாய்வின் அளவுகோலுக்கு எதிரான மிக வலுவான மறுப்பும் புனேயிலிருந்தே எழுந்தது. உலக உணவு வேளாண்மை அமைப்பில் 1970 வரை புள்ளியியற் பிரிவின் தலைவராக விளங்கிப் பின் புனேயில் வாழ்ந்த பி.வி. சுகாத்மே, ஒவ்வொருவரின் ஆற்றல் தேவையும் நாள்தோறும் வேறுபடுவதால் சராசரிக் கலோரி அளவைக் கொண்டு பசித்தோரை எண்ணுதல் பிழை என்று வாதிட்டார். ஆய்வு இந்திய இதழில் வெளியானதால் அதன் மீதான விவாதமும் இந்திய அறிஞர்களிடையே நிகழ்ந்தது. அறிக்கையாக அறக்கட்டளையின் அலமாரியில் அது அடங்கியிருப்பின் இவ்விவாதம் நிகழ்ந்திருக்காது.

மகாராட்டிரத்தின் வேலை உறுதித் திட்டத்திற்கு இவ்வாய்வே மூலம் என்று கூறுதல் பொருந்தாது. வி.எஸ். பாகே என்பவரின் முயற்சியால் சாங்லி மாவட்டத்தில் 1965இலேயே அத்தகைய முன்னோட்டம் தொடங்கிவிட்டது. 1972இல் கடும் வறட்சியின் நடுவே அது மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. 1977இல் சட்டமாக நிறைவேறி 1979இல் நடைமுறைக்கு வந்தது. நகரங்களில் ஊதியம் பெறுவோர் செலுத்திய தொழில்வரி அதற்கு முக்கிய நிதி ஆதாரமாயிற்று. 2005இல் நாடு தழுவிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்டபோது மகாராட்டிரத்தின் பட்டறிவு அதற்கு முன்மாதிரியாக நின்றது. ஆய்வும் ஆட்சியும் ஒரே காலத்தில் ஒரே மண்ணில் ஒரே விடையை நோக்கி நகர்ந்தன என்பதே வரலாறு தரும் செய்தி. மண்ணின் வினாவோடு ஒன்றிய ஆய்வுக்கு நிதி எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம்நிலைச் செய்தியாகிவிடுகிறது.

ஐயமும் சட்டமும்

அயல்நிதி மீதான ஐயத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை. 1961இல் நிறுவப்பட்ட இந்தியவியலுக்கான அமெரிக்க நிறுவனத்தின் முதல் தலைமையகம் டெக்கான் கல்லூரி வளாகத்திலேயே அமைந்தது. அந்நிறுவனம் பின்னர் மதுரையில் நடத்திய தமிழ்ப் பயிற்சியால் அயல்நாட்டு மாணவர் பலர் தமிழ் கற்றனர். இத்தகைய நற்பணிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தபோதே, ஆசிய அறக்கட்டளைக்கு அமெரிக்க உளவு நிறுவனத்தின் நிதி சென்றமை 1967இல் வெளிப்பட்டது. அவ்வறக்கட்டளை மறு ஆண்டில் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2010இல் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்தது. 2020ஆம் ஆண்டின் திருத்தம், அயல்நிதியைப் பெறும் அமைப்பு அதனைப் பிறிதோர் அமைப்பிற்கு மாற்றித் தருவதைத் தடைசெய்தது. நிருவாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெரிய நிறுவனம் பெற்றுச் சிறிய அமைப்புகளோடு பகிர்ந்து நடத்தும் களஆய்வுகளை இது கடினமாக்கிவிட்டது.

வழங்குவோரின் மனமாற்றமும் மற்றோர் இடர். அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை 2025 சூலையில் தன் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. உலகின் பல நாடுகளில் வளர்ச்சிப் பணிகளும் அமைதிப் பணிகளும் அதனால் இடையில் முறிந்தன. வாங்குவோரின் தேவை மாறாதபோதும் வழங்குவோரின் அரசியல் மாறக்கூடும்.

அமைதியாக்கம் என்பது பெருநிதியால் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கும் புனேயில் ஓர் எளிய சான்று உண்டு. மைசூரில் 1969இல் நடுவண் அரசு நிறுவிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், அதன் வட்டார மையங்களில் ஒன்றைப் புனேயில் அமைத்தது. பள்ளி ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கி மராத்தி, குசராத்தி, சிந்தி ஆகிய பிறமொழிகளுள் ஒன்றைக் கற்பதற்கு அங்கே வழிசெய்யப்பட்டது. தமிழ் கற்க வந்தோர் மைசூரில் அமைந்த தென்மண்டல மையத்தில் பயின்றனர். மொழிப் பூசல்களைக் கண்ட நாட்டில், பிறர் மொழியைக் கற்கும் ஆசிரியரை உருவாக்குவதைவிட நேரடியான அமைதிப்பணி வேறில்லை.

வழங்கும் பக்கம் இருந்து வந்தவரின் தெரிவு

பன்னாட்டு உதவியை உள்ளிருந்து அறிந்த தமிழர் ஒருவரின் செயல் இங்கு நினைக்கத்தக்கது. வேலூரில் 1910இல் பிறந்த மால்கம் ஆதிசேசையா 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். உலக நாடுகளின் கல்வி, வளர்ச்சிப் பணிகளுக்கு நிதியும் அறிவுத்துணையும் சென்று சேரும் வழிகளை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், தம் துணைவியார் எலிசபெத்துடன் இணைந்து 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது தம் சொந்தச் சேமிப்பையே அதற்கு முதலாக்கினார். 1977இல் இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் ஆதரவு பெறும் தேசிய நிறுவனமாக அது மாற்றியமைக்கப்பட்டது. பன்னாட்டு நிதியை அவர் வெறுத்தவர் அல்லர்; தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டவர். ஆயினும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் முதல் வேர் எங்கே ஊன்றப்பட வேண்டும் என்பதை அவருடைய தெரிவு உணர்த்துகிறது. புனேயில் காலேயின் அறக்கொடை கோகலே நிறுவனத்திற்குச் செய்ததை ஆதிசேசையா இணையரின் கொடை சென்னையில் செய்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். அயல்நிதி பயன் தந்த இடங்களிலெல்லாம் அதற்கு முன்பே உள்நாட்டுக் கொடையால் வேரூன்றிய நிறுவனம் ஒன்று இருந்தது. நிதி நின்றபின் அப்பணியைப் பொதுநிதி ஏற்றபோது மட்டுமே பயன் நிலைத்தது. ஆய்வு முடிவுகள் நம்மிடையே வெளியாகி நம்மிடையே மறுக்கப்பட்டபோதே வினா நம்முடையதாயிற்று. மொழியியலில் முறையியலை முழுமையாகப் பெற்றோம்; ஆயின் நம் வினாவைப் பாதியளவே சேர்த்தோம். வறுமையாய்வில் அறக்கட்டளையின் வேண்டுகோள், மண்ணின் வினாவாகவே மாற்றப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு நிதியின் வேறுபாடன்று. ஏற்றவர் கொண்டிருந்த ஆயத்தத்தின் வேறுபாடு.

இன்று நிலைமை வேறொரு வகையிலும் மாறியுள்ளது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் டாலர் 2018இல் திரட்டப்பட்டது. தமிழ்நாடு அரசு அதற்கு 10 கோடி ரூபாய் வழங்கியது. ஒருகாலத்தில் வாங்குவோராக இருந்த தமிழுலகம் இன்று வழங்குவோராகவும் உள்ளது. பிறரிடம் நாம் எழுப்பும் கேள்விகள் இனி நம்மை நோக்கியும் எழும்.

எனவே, நல்கைக்கு விண்ணப்பிக்கும் இளம் ஆய்வாளர் விண்ணப்பத்தில் கேட்கப்படாத மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நலம். நிதி கிடைக்காவிடினும் இவ்வினாவை யான் எழுப்புவேனா? திரட்டும் தரவு யாரிடம் தங்கும்? நிதி நின்றபின் இப்பணியை யார் தொடர்வார்? இவற்றுக்கு விடை இருப்பின் நல்கை எங்கிருந்து வரினும் ஏற்பதில் தாழ்வில்லை.

பரிசிலை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரிற் காணாமல் அளித்த பொருளை ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. அவர் வறுமையற்றவர் அல்லர். தம் தகுதியைக் கண்டு தரப்படுவதே பரிசில் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. அத்தெளிவோடு நல்கையை நாடும் ஆய்வாளரை எந்த நிதியும் திசைதிருப்பிவிட இயலாது.